கம்ப்யூட்டருக்குள்ள ஒரு போன்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வெச்சுக்குறீங்களாண்ணே? சாக்குதானேன்னு நெனச்சிராதீங்க, உள்ள இருக்குறது கம்ப்யூட்டரு. போர்வையில சுத்தியிருக்கேன். பஸ்ஸு திரும்புற ஒவ்வொரு வளைவுக்கும் சரியுது, எம் மனசும் கூடவே சரியுது.

நீங்க எது வரைக்கும்? சோலைக்காட்டுப் பிரிவா? அட, நானும் அங்கதான். நல்லதாப் போச்சு, எறக்கும்போது ஒரு கை குடுங்க.

என் பேரு வனராஜ். கீழ வத்தலக்குண்டுல பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல, பழக்கடை மாடியில கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்கேன். ஆதார் திருத்தம், பரீட்சைக்கு அப்ளிகேஷன் போடுறது, ஜெராக்ஸ், எல்லாம் உண்டு. ரிப்பேரும் பாப்பேன். ஊருல எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் எங்கிட்டத்தான் தூக்கிட்டு வருவாங்க.

இது ரிப்பேருக்கு இல்லண்ணே. என் சம்சாரத்துக்குக் கொண்டு போறேன். அவ மலை மேலதான் இருக்கா. பிரசவம் ஆன வீடுகளுக்குப் போயி, பச்சைப்பிள்ளைய எப்பிடிப் பாத்துக்கிறதுன்னு சொல்லிக் குடுக்குற வேலை. நாகஜோதின்னு பேரு. நீங்க அந்தப் பக்கந்தானே, பாத்திருப்பீங்களோ என்னமோ.

கோவிச்சுக்கிட்டு வந்துட்டாளான்னு கேக்க வர்றீங்க. ஊரே கேக்குது, நீங்க கேட்டா என்ன? கோவமெல்லாம் இல்லண்ணே. சண்டை போட்டோம்னா சொல்லிறலாம். ஒருநா அடிச்சிருக்கேனா, குடிச்சிருக்கேனா? ஒண்ணும் இல்ல. ஒரு சாப்ட்வேரை எடுத்துட்டேன். அதுக்காக ஒருத்தி புருஷனை விட்டுட்டுப் போவாளா? நீங்களே கேளுங்க.

எங்களுக்கு ஒரு பொம்பளப் பிள்ள பொறந்துச்சு. ஆப்பரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. எடை கம்மி. ரொம்ப இல்ல, கொஞ்சங் கம்மி. கையில வாங்குனா ஒரு புறாவ வாங்குன மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியில நல்லபடியா பாத்து, ஜாக்கிரதை ஜாக்கிரதைன்னு நூறு தடவை சொல்லித்தான் அனுப்புனாங்க. ஜோதிக்கு அம்மா கெடையாது. எங்கம்மா கோயம்புத்தூர்ல எங்கண்ணன் வீட்டுல, மூட்டு வலி, வர முடியலை. அதனால வீட்டுல அவளும் பிள்ளையும் மட்டுந்தான். நான் காலையில சமைச்சு வெச்சிட்டுத்தான் கடைக்குப் போவேன். அதையும் கணக்குல சேத்துக்குங்க. எத்தனை பேரு சமைச்சு வெப்பான்?

அன்னிக்குப் பாருங்க, போலீஸ் பரீட்சைக்கு அப்ளிகேஷன் போடக் கடைசி நாளு. கடையில நிக்க எடமில்ல, மாடிப்படி வரைக்கும் ஆளு. சர்வரு வேற மக்கர் பண்ணுது. ஒவ்வொருத்தனும் தன் வாழ்க்கையையே என் கையில குடுத்திட்டு நிக்கிறான். காலையில அந்த நேரத்துல இவ போன் பண்றா.

"என்னங்க, பிள்ள பாலுக்கு எந்திரிக்க மாட்டேங்குது."

"தூங்குற பிள்ளைய எதுக்கு எழுப்புற? தூங்குனா நல்லதுதானே."

வெச்சிட்டேன். கொஞ்ச நேரங் கழிச்சு மறுபடி. "காலு சில்லுன்னு இருக்குங்க. எனக்கு என்னமோ பயமா இருக்கு. ஆட்டோ வரச் சொல்லி நான் கூட்டிட்டுப் போகவா?" நான் சொன்னேன், "வயித்துல தையலோட நீ ஆட்டோவுல குலுங்கிட்டுப் போகாத. பிரிஞ்சுறப் போகுது. துணியப் போத்தி விடு. நான் வந்துர்றேன்." பாத்தீங்களா, அந்தக் கூட்டத்துலயும் எனக்கு அவ தையல்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. வேற யாராச்சும்னா போனையே எடுத்திருக்க மாட்டான்.

அப்புறமும் பண்ணியிருக்கா போல. போன் சார்ஜுல கெடந்துச்சு, நான் பாக்கலை.

போனேன். பொழுது சாயுற நேரம். அவ நடுவீட்டுல பிள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. செருப்புப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காண்ணே. வீட்டுக்குள்ள. நான் வந்ததும் கெளம்புறதுக்காம். பிள்ளைய வாங்கிப் பாத்தேன். அந்தப் புறாக் கனங்கூட இல்லாத மாதிரி இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. அந்தம்மா என்னென்னமோ பண்ணுச்சு. மூக்குல மாஸ்க் மாதிரி வெச்சு அமுக்குச்சு, விரலால நெஞ்ச அமுக்குச்சு. கடைசியில நிறுத்திட்டு எங்களப் பாத்துக் கேட்டுச்சு, "எப்ப இருந்து பால் குடிக்கலை?"

ஜோதி என்னையப் பாத்தா.

நான்தான் சொன்னேன், "இப்பத்தான் டாக்டர், சாயங்காலத்துல இருந்து." எதுக்கு அப்பிடிச் சொன்னேன்னா, காலையில இருந்துன்னு சொன்னா அந்தம்மா ஜோதியத்தானே திட்டும்? தாயி என்ன பண்ணிட்டிருந்தேன்னுதானே கேக்கும்? அவளக் காப்பாத்தத்தான் சொன்னேன். அது அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

விதிண்ணே. வேற என்ன சொல்றது. எல்லாரும் வந்து அதைத்தான் சொன்னாங்க. வயசு இருக்கு, இன்னொண்ணு பெத்துக்கலாம்னாங்க. நானும் சொன்னேன்.

தண்ணி இருக்காண்ணே? ... தேங்க்ஸ். மலை ஏறுனாலே தொண்டை வறண்டுருது.

அவ அழுகலை. அதுதான் எனக்குப் பயமாப் போச்சு. போனை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. பிள்ளை கொட்டாவி விடுற வீடியோ ஒண்ணு எடுத்து வெச்சிருந்தா. அதையே போடுவா, முடியும், மறுபடி போடுவா. பாத்தேன். இது ஆகாதுன்னு, அவ குளிக்கப் போன நேரம் போனை எடுத்து சுத்தமா அழிச்சு, புதுசு மாதிரி ஆக்கிட்டேன். போட்டோ, வீடியோ எல்லாம். கண்ணுல பட்டாத்தானே நெனப்பு வரும்? அந்தப் போனையும் கடைக்கு எடுத்துட்டுப் போயிட்டு, அவளுக்குச் சின்ன பட்டன் போன் ஒண்ணு குடுத்தேன். அவ வாங்கிக்கிட்டா. ஒரு வார்த்தை கேக்கலை. சரி, அவளுக்கும் அதுதான் நல்லதாப் படுதுன்னு நெனச்சேன்.

அந்தச் சமயத்துலதான் நர்ஸம்மா வந்தாங்க. அமலோற்பவம்னு பேரு, எங்க தெருவுக்கு வர்ற நர்ஸு. வந்து ஜோதிகிட்ட நெறைய நேரம் பேசிட்டிருந்தாங்க. மலைக்கிராமங்கள்ல பச்சைப்பிள்ளைகளப் பாத்துக்கச் சொல்லிக்குடுக்க ஆளு எடுக்குறாங்க, நீ பன்னெண்டு படிச்சிருக்கியே, சேருறியான்னு கேட்டிருக்காங்க. அதுக்கு முன்னால ஒரு பயிற்சி முடிக்கணும். பயிற்சி மொபைல் ஆப்புல இருக்கு. பாடம், வீடியோ, கேள்வி எல்லாம் அதுலயே. இவகிட்டத்தான் அந்த மாதிரி போன் இல்லையே.

மறுநாள் மத்தியானம் கடைக்கு வந்து நிக்கிறா. அத்தனை நாள் கழிச்சு வீட்டை விட்டு வெளிய வந்திருக்கா. "போன்ல ஓடுறது உங்க கம்ப்யூட்டர்ல ஓடுமா?"

கேட்டா பாருங்க ஒரு கேள்வி! பழைய போனைத் திருப்பிக் குடுத்திருக்கலாம்தான். ஆனா அதைக் குடுத்தா மறுபடி எதையாச்சும் தேடுவாளேன்னு, "ஓட வெச்சிருவோம்"னேன்.

அது லேசுப்பட்ட வேலை இல்லண்ணே. போனுக்குன்னு செஞ்ச ஆப்பை நேரா கம்ப்யூட்டர்ல போட்டா ஏத்துக்காது. அதுக்கு எமுலேட்டர்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு. அது என்ன பண்ணும்னா, கம்ப்யூட்டருக்குள்ள ஒரு போன் இருக்குற மாதிரி வேஷம் போடும். ஆப்பு ஏமாந்து, நாம போன்லதான் இருக்கோம்னு நெனச்சு ஓடும். மூலையில இருந்த பழைய சிஸ்டத்துக்கு அந்தத் தெம்பே இல்ல. மெமரி ஒண்ணு கழட்டி மாட்டி, உள்ளார போயி ஒரு செட்டிங்கை மாத்தி, ரெண்டு தடவை ஹேங் ஆகி நின்னு போயி, ஒருவழியா வந்துச்சு. மானிட்டர் நடுவுல நெட்டுக்குத்தலா ஒரு போன் நிக்குது! விரலால தள்ளுறதை மவுஸால தள்ளணும், அவ்வளவுதான் வித்தியாசம். ஜோதி என் பின்னாடியே நின்னு பாத்துக்கிட்டிருந்தா. எனக்கு அவ்வளவு சந்தோசம். எம் பொண்டாட்டி என் வேலையப் பாத்து நிக்கிறது அதுதான் மொத தடவை.

அதுக்கு ஒரு பேரு வைக்கச் சொல்லிக் கேக்கும். அந்த வேஷம் போட்ட போனுக்கு. சும்மா ஒண்ணு, ரெண்டுன்னு வைக்கலாம். "நீயே வையி"ன்னு கீபோர்டை அவகிட்டத் தள்ளுனேன். ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிச்சா. செண்பகம்.

"யாரு அது?"ன்னு கேட்டேன். "சும்மா"ன்னா.

பிள்ளைக்குத்தான் அந்தப் பேரை நெனச்சு வெச்சிருந்தாளாம். அப்புறம் நர்ஸம்மா சொல்லித்தான் தெரியும். நாங்க இன்னும் பேரு வைக்கலை பாருங்க. பேரு வைக்கலைன்னுதான் நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

தெனமும் மத்தியானம் கூட்டமில்லாத நேரம் வந்துருவா. காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டா உலகம் தெரியாது. பிள்ளை பொறந்ததும் தொடச்சுக் காய வைக்கணும், தாயி நெஞ்சுல வெறும் மேலோட போடணும், ஒடனே குளிப்பாட்டக் கூடாது, சீனித்தண்ணி குடுக்கக் கூடாது. எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு. ஒரு துண்டைச் சுருட்டி கீபோர்டு பக்கத்துல வெச்சுக்கிட்டு, வீடியோவுல காட்டுற மாதிரியே தூக்குவா, தலைக்கு அடியில கை வைப்பா, நெஞ்சோட கட்டுவா. ஜெராக்ஸ் எடுக்க வந்த பயலுக சிரிச்சானுக. "ஜோதி, ஆளு வரும்போது வேண்டாமே"ன்னேன். சொன்னதைக் கேட்டுக்கிட்டா. அதுல இருந்து ஆளு வந்தா துண்டை மடியில வெச்சு மறைச்சுக்குவா.

எல்லாப் பாடமும் முடிச்சிட்டா. ஒரே ஒரு பாடத்துலதான் மாட்டிக்கிட்டா. ஆபத்து அறிகுறின்னு ஒரு பாடம். அதுல கேள்வி வரும். "குழந்தை பால் குடிக்க எழவில்லை. கை கால் சில்லென்று இருக்கிறது. என்ன செய்வீர்கள்?" கீழ மூணு பதில். தூங்கட்டும்னு விட்டுவிடலாம். துணி போத்திக் காத்திருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும், மூணாவதுதான்னு. இவ மொத பதிலை அமுக்குவா. சிவப்பா ஒரு பெருக்கல் குறி வரும், ஒரு பொம்பளக் குரல் ஏன் தப்புன்னு பொறுமையா வெளக்கும். முழுசாக் கேப்பா. திரும்ப வந்து ரெண்டாவதை அமுக்குவா. மறுபடி சிவப்பு. மறுபடி அந்தக் குரல். திரும்ப மொதல்ல இருந்து.

நான் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். எத்தனை நாளைக்கு? "ஜோதி, அது தப்பு. மூணாவதை அமுக்கு."

"தெரியும்"னா.

"தெரிஞ்சா அமுக்க வேண்டியதுதானே?"

மறுபடி மொத பதில். சிவப்பு. எனக்குப் பாவமாப் போச்சு. துக்கத்துல மூளை மந்தமாப் போச்சுன்னு நெனச்சேன். குனிஞ்சு அவ கையில இருந்த மவுஸை வாங்கி நானே மூணாவதை அமுக்குனேன். பச்சையா டிக் வந்துச்சு, டிங்குன்னு ஒரு சத்தம். "பாத்தியா? எவ்வளவு சுலபம்?"

அவ திரும்பி என்னையப் பாத்தாண்ணே. ரொம்ப நேரம் பாத்தா. "உங்களுக்கு இப்பவாச்சும் வெளங்குச்சா?"ன்னு கேட்டா.

"எனக்கு என்ன, நான் தெனம் எத்தனை பரீட்சை பாக்குறேன்"னேன்.

ஹெட்போனைக் கழட்டி மெதுவா மேசையில வெச்சிட்டுப் போயிட்டா. அந்த டிக் அவளாப் போட்டிருக்கணுமாம், நான் போட்டது பிடிக்கலையோ என்னமோ. அப்பிடி ஒரு ரோஷம் உண்டு அவளுக்கு.

எங்க விட்டேன்? ஆங். அதுக்குள்ள மறுபடி அப்ளிகேஷன் சீசன் வந்துருச்சு. அந்த மூலை சிஸ்டமும் வேணும். ஆனா அது நகர மாட்டேங்குது. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு போனைச் சொமந்துக்கிட்டு இருந்தா எப்பிடி நகரும்? பயிற்சியத்தான் முடிச்சிட்டாளே, பச்சை டிக்கெல்லாம் வந்துருச்சே, இனிமே எதுக்குன்னு அதை எடுத்துட்டேன். டெலிட். சிஸ்டம் அப்பிடியே பறந்துச்சு.

மத்தியானம் வந்தா. உக்காந்தா. தேடுனா. "என்னங்க, செண்பகத்தைக் காணோம்."

அப்பிடியே சொன்னாண்ணே, அந்த வார்த்தையத்தான். நான் ஒருத்தனுக்கு போட்டோ சைஸு கொறச்சுக்கிட்டே சொன்னேன், "சிஸ்டம் ஸ்லோவா இருந்துச்சு, எடுத்துட்டேன். அதுக்கென்ன, பத்து நிமிசத்துல இன்னொண்ணு போட்டுத் தர்றேன்."

"இன்னொண்ணா?"

"இதே மாதிரி. வித்தியாசமே தெரியாது."

அப்பத்தான் அழுதா. அத்தனை மாசமா அழுகாதவ, கடையில அத்தனை பேரு முன்னால, கீபோர்டு மேல கவுந்து படுத்து அழுதா. ஸ்க்ரீன்ல என்னென்னமோ எழுத்தா ஓடுது, ஏதோ பட்டன் அமுங்கிக்கிட்டே இருக்கு. அப்ளிகேஷன் போட வந்த பொண்ணு ஒண்ணுதான் வந்து அவ தோளைப் பிடிச்சுச்சு. நான் ஓடிப்போயி எமுலேட்டரை மறுபடி போட ஆரம்பிச்சேன். வேற எனக்கு என்ன தெரியும்? டவுன்லோடு ஆகிட்டே இருக்கும்போது அவ எந்திரிச்சுப் போயிட்டா. நர்ஸம்மா வீட்டுக்குத்தான் போயிருக்கா. அந்த வாரமே இந்த மலைக்கு வேலைக்கு வந்துட்டா.

நர்ஸம்மாகிட்டப் போயிச் சத்தம் போட்டேன். "ஒரு சாப்ட்வேருக்காகவாம்மா?"ன்னு. அவங்க எனக்கு டீ போட்டுக் குடுத்துட்டு, எதுத்தாப்புல உக்காந்து, செண்பகம் யாருன்னு சொன்னாங்க. டீயக் குடிக்க முடியலை. நீங்களே சொல்லுங்க, எனக்கு யாரு சொன்னா? ஒரு வார்த்தை, "இது பிள்ளைக்கு நெனச்ச பேரு"ன்னு சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா? வாயத் தெறந்து சொல்லாம இருந்தா புருஷனுக்கு எப்பிடித் தெரியும்? போன்ல சொல்லலாமே. நான் எடுக்காமயா போயிருவேன்?

...

குளுருதுல்ல? கண்ணாடிய ஏத்தி விடுறேன்.

இப்ப என்னன்னா, இங்க மேல சிக்னல் கெடையாது, பொம்பளைகள்ல பாதிப் பேருகிட்டப் போனும் கெடையாது. இவளுக்கு வேலைக்குன்னு குடுத்த போனை வெச்சுக்கிட்டு பத்துப் பேருக்கு அந்த வீடியோவக் காட்ட முடியலை. பெரிய ஸ்க்ரீன்ல ஓட்டுனா எல்லாரும் உக்காந்து பாப்பாங்கன்னு நர்ஸம்மாகிட்டச் சொல்லியிருக்கா. அவங்க எங்கிட்டச் சொன்னாங்க. அன்னைக்கே கடையில இருக்குறதுலயே நல்ல சிஸ்டமா எடுத்து, எமுலேட்டர் போட்டு, ஆப்பு போட்டு, எல்லா வீடியோவும் உள்ளயே எறக்கி வெச்சிட்டேன். நெட்டு இல்லாமலே ஓடும். ரெண்டு ஸ்பீக்கர் வேற வாங்கியிருக்கேன், கடைசியில உக்காந்தவளுக்கும் கேக்கணும்ல.

நேத்து சிக்னல் கெடைக்கிற எடமாப் பாத்து வந்து, அவளே போன் பண்ணுனா. எத்தனை மாசத்துக்கு அப்புறம்! "கண்டக்டர்கிட்டக் குடுத்து விட்டாப் போதும். நீங்க வர வேண்டாம்"னா. எனக்கு மலை ஏறுனா தலை சுத்தும், வாந்தி வரும். அது அவளுக்குத் தெரியும். அதான் அப்பிடிச் சொல்றா. அக்கறை இல்லாமயா? நான்தான், கண்டக்டரு எங்கயாச்சும் போட்டு ஒடச்சிட்டா என்ன பண்றதுன்னு கெளம்பி வந்தேன். மாட்டிக் குடுத்து, ஓட விட்டுக் காட்டி, ஒரு வாய் சாப்பிட்டுட்டு, அவ வர்றேன்னா கூட்டிட்டு வந்துரலாம்.

என்னண்ணே, வந்துருச்சா? இதுவா பிரிவு?

இருங்க, கண்ணாடியத் தொடைக்கிறேன், ஒண்ணும் தெரியலை. அந்தா, அந்தக் கடைக்குப் பக்கத்துல, ஊதாச் சேலை. அவதாண்ணே. கம்ப்யூட்டரை வாங்க வந்து நிக்கிறா. மெலிஞ்சிருக்கா. பக்கத்துல ஒரு பொண்ணு நெஞ்சுல பிள்ளையக் கட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. ஜோதி கட்டி விட்டதாத்தான் இருக்கும், அந்த முடிச்சு எனக்குத் தெரியும்.

சிரிக்கிறாண்ணே.

அந்தப் பொண்ணு என்னமோ சொல்லுது, இவ பிள்ளை பாதத்தைத் தொட்டுப் பாத்துட்டுச் சிரிக்கிறா. சூடு பாக்குறா. கதகதன்னு இருக்கு போல. அதான் சிரிக்கிறா.

எறங்கணும். ஆமா, எறங்கத்தான் வந்தேன். நீங்க முன்னால போங்க. இல்ல, இருங்க. அண்ணே, இருங்க. நான் எறங்குனா அந்தச் சிரிப்பு நின்னு போயிரும். எம் மூஞ்சியப் பாத்ததும் நின்னு போயிரும்ணே. எனக்குத் தெரியுது.

ஒரு உபகாரம் பண்ணுங்க. இதை நீங்களே எறக்கிக் குடுத்துருங்க. பாக்கத்தான் பழைய பொட்டி, ஆனா நல்லா ஓடும். சுவிட்சைப் போட்டா ஆப்பு அதுவாத் தொறக்கும்னு சொல்லுங்க. நான் இப்பிடிக் குனிஞ்சுக்குறேன். கொடைக்கானல் வரைக்கும் டிக்கெட்டை நீட்டி வாங்கிக்குவேன், நீங்க யோசிக்காதீங்க. அடியில ரெண்டு கையும் குடுங்க. ஆங், அப்பிடித்தான். ஆட்டாதீங்க.

போங்கண்ணே, வண்டி எடுத்துருவான்.